பின்சீட்டின் வரலாறு

என்னுடைய ஷிஃப்ட் விடிகாலை 4 மணிக்குத் தொடங்கும். வேலை ஹீத்ரோ பக்கம். சவுத்தாலில் எங்கள் வீட்டிலிருந்து அது தூரமில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால், அடுத்த பஸ் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் மேற்பார்வையாளரின் முகம் மாறிவிடும். போன குளிர்காலத்தில் மூன்று தடவை அப்படி நடந்தது. மூன்றாம் தடவைக்குப் பிறகு, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

அண்ணா சிரித்தான். செய்தி எப்படியோ கனடாவுக்கும் போய், பெரியம்மா ஃபோன் எடுத்து, “பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்த வேலை?” என்று கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“பின்னால ஓராள் இருந்து போகலாமோ?”

“ஆர் அம்மா இருக்கப்போறது?”

“நான்தான். வெள்ளிக்கிழமையில கோயிலுக்கு.”

அப்போதுதான் அப்பா வாய் திறந்தார். “அப்பிடியெண்டா முன்சீட்டில இருந்து பார்த்து வாங்காத, பிள்ளை. பின்சீட்டில இருந்து பார்த்து வாங்கு.”

அந்த ஒரு வசனத்தால்தான் இந்தக் கட்டுரை. பைக் தேடத் தொடங்கிய எனக்கு, பின்சீட்டுக்கென்றே ஒரு வரலாறு இருப்பது மெல்ல மெல்லத் தெரிய வந்தது. அதில் ஒரு பாதி இங்கிலாந்தில் நடந்தது. மறுபாதி சென்னையிலும் ஓசூரிலும் யாழ்ப்பாணத்திலும் நடந்தது. முக்கியமான ஒரு அத்தியாயம் நாங்கள் தினமும் நடக்கிற சவுத்தால் தெருக்களிலேயே நடந்திருக்கிறது.

பக்கவாட்டில் இருந்தவர்கள்

முதலில் வந்த மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்சீட்டே கிடையாது. அவை ஒருவருக்காகச் செய்யப்பட்டவை. பின்சக்கரத்துக்கு மேலே சாமான் கட்ட ஒரு இரும்புக் கரியர் இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கரியரில் ஒரு தலையணையைக் கட்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதை மக்கள் தாங்களாகவே தொடங்கினார்கள். சுமார் நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் அந்த இடத்துக்கு ‘ஃப்ளாப்பர் பிராக்கெட்’ என்று ஒரு கேலிப் பெயர் இருந்தது. ‘ஃப்ளாப்பர்’ என்றால் அந்தக் காலத்து நாகரிகப் பெண். நீளப் பாவாடையோடு அந்த ஆங்கிலப் பெண்கள் எப்படி இருந்து போனார்கள் தெரியுமா? நம் அம்மம்மாமார் போலவே, இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டுத்தான்.

1930ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஓட்டுபவருக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான் இருக்கலாம். உறுதியாகப் பொருத்திய சீட்டில்தான் இருக்க வேண்டும். கால்களை இரண்டு பக்கமும் போட்டுத்தான் இருக்க வேண்டும். இன்று நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விதி தொடர்கிறது. ஆகவே லண்டனில் சேலையோடு பக்கவாட்டில் இருந்து போனால் ஓட்டுகிறவர் மேல் குற்றம்.

நம் ஊர்களில் நடந்தது வேறு. சேலை கட்டிய பெண்கள் கோடிக்கணக்கில் பின்சீட்டில் ஏறியபோது, அவர்களை மாற்றுவதற்குப் பதிலாக மோட்டார் சைக்கிளை மாற்றினார்கள். இந்தியாவில் விற்கிற பைக்குகளின் பின்சக்கரத்துக்கு அருகே ஒரு கம்பி வலையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயர் சாரி கார்டு. பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க மிதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்று இந்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரே இயந்திரம்தான். ஒரு நாடு உட்காரும் விதத்தை மாற்றச் சொன்னது. இன்னொரு நாடு இயந்திரத்தில் ஒரு வலையைப் பொருத்தச் சொன்னது.

ரெடிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

பழைய பைக் தேடுகிற எவரும் லண்டனில் ஒரு பெயரைத் தாண்டிப் போக முடியாது: ராயல் என்ஃபீல்ட் புல்லட். இங்கிலாந்தின் ரெடிச் என்ற ஊரில் என்ஃபீல்ட் கம்பெனி தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901இல் செய்தது. 1930களில் ‘புல்லட்’ என்ற பெயர் வந்தது. ஆனால் பின்சீட்டின் கதைக்கு முக்கியமான வருடம் 1949.

அதுவரை பெரும்பாலான பைக்குகளின் பின்சக்கரம் சட்டத்தோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்தது. ரோட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் நேராகப் பின்னால் இருப்பவரின் முதுகெலும்புக்குப் போகும். முன்னால் ஓட்டுகிறவருக்காவது சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங் இருந்தது. 1949இல் விற்பனைக்கு வந்த 350 சிசி புல்லட்டில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் ஒரு கையில் பொருத்தப்பட்டு, இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் வைக்கப்பட்டது. இன்று பல பைக்குகளில் இருக்கிற ஏற்பாடுதான். அன்று அது புதுமை. பின்னால் இருப்பவரும் மனிதர்தான் என்று யோசித்துச் செய்த பைக் என்று நான் அதைச் சொல்வேன்.

1950களின் தொடக்கத்தில் இந்திய அரசு எல்லைக் காவலுக்காக 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955இல் ரெடிச் கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்ட் இந்தியா’வைத் தொடங்கின. தொழிற்சாலை வடசென்னையில், கடலோரத் திருவொற்றியூரில். பெரியபுராணம் படித்தவர்களுக்கு அந்த ஊர் தெரியும். சங்கிலியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, அதை மீறியதால் சுந்தரர் கண்பார்வை இழந்தாரே, அதே ஊர்தான்.

முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் கப்பலில் வந்தன, சென்னையில் பூட்டினார்கள். 1957இல் புல்லட்டைச் செய்யும் கருவிகளே வந்து சேர்ந்தன. 1960களின் தொடக்கத்தில் முழு பைக்கும் அங்கேயே உருவானது. அதற்குள் இங்கிலாந்தின் மோட்டார் சைக்கிள் தொழில் சரியத் தொடங்கியிருந்தது. ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் பிரிட்டிஷ் என்ஃபீல்டின் கதை முடிந்தது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

1977இல் என்ஃபீல்ட் இந்தியா புல்லட்டுகளைப் பிரிட்டனுக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. கட்டிக்கொடுத்த மகள் பிள்ளைகுட்டியோடு தாய்வீட்டுக்கு வந்து பார்த்தால், தாய்வீட்டில் ஒருவரும் இல்லை. விளக்கேற்றி வைக்க அவள்தான் மிஞ்சியிருக்கிறாள். அந்த மாதிரி ஒரு திரும்பி வருதல். ஆகவே சவுத்தாலிலோ ஹேய்ஸிலோ ஒரு பழைய புல்லட் நிற்பதைப் பார்த்தால், அது 1970க்குப் பிறகு செய்ததென்றால், அது சென்னையில் பிறந்தது. நம்மில் பலரைப் போலத்தான்: பெயர் ஒரு ஊர், பிறப்பு இன்னொரு ஊர், பதிவு லண்டன்.

இரண்டு பேருக்கு 50 சிசி

புல்லட் எல்லோருக்கும் எட்டிய பைக் அல்ல. தமிழ்நாட்டின் சாதாரணக் குடும்பத்துக்குப் பின்சீட் கிடைத்தது ஓசூரிலிருந்து. மொபெட் என்பது பெடலும் சின்ன எஞ்சினும் சேர்ந்தது. அதில் ஒருவர்தான் போகலாம் என்று இருந்தது. 1980இல் ஓசூரில் செய்த டி.வி.எஸ். 50 இந்தியாவின் முதல் இரண்டு பேர் போகும் மொபெட்டாக வந்தது. 50 என்பது எஞ்சினின் சிசி. கணவனும் மனைவியும், முன்னால் நின்றபடி ஒரு பிள்ளை, மடியில் ஒரு பிள்ளை, கைப்பிடியில் ஒரு காய்கறிப் பை. கம்பெனி இரண்டு பேருக்குத்தான் செய்தது; மிச்சத்தை நம் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள்.

1990களில் அதே கம்பெனியின் ஸ்கூட்டி வந்தபோது பெண்கள் பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு நகர்ந்தார்கள். கல்லூரிக்கும் வங்கிக்கும் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். யாழ்ப்பாணத்தில் ஹொண்டா ‘சாலி’ அந்த வேலையைச் செய்தது. பெரியம்மா என்னைக் கேட்ட கேள்வியை அந்தப் பெண்களிடமும் யாரோ கேட்டிருப்பார்கள். அவர்கள் பதில் சொல்ல நிற்காமல் போய்விட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2020இல் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி, பிரிட்டனின் பழம்பெரும் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் கம்பெனியை 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. மொபெட் செய்து தொடங்கியவர்கள் நார்ட்டனுக்கு உரிமையாளரானார்கள்.

மண்ணெண்ணெய்க் காலம்

இனி அப்பாவின் பைக்குக்கு வருகிறேன். அது ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானில் தபால்காரர்களுக்காகச் செய்த 90 சிசி பைக். அங்கே பாவித்து முடித்தவை கப்பலேறி இலங்கைக்கு வந்தன. யாழ்ப்பாணத்தில் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் அந்தத் தலைமுறை ஆண்களின் முகம் மலரும். தபால்காரருக்குப் பின்னால் ஆள் இருப்பதில்லை. கடிதப் பெட்டிதான் இருக்கும். அப்பாவின் பைக்கில் கரியரின் மேல் ஸ்பொன்ஞ் வைத்து, கறுப்பு ரெக்சினில் தைத்து, பின்சீட் போட்டிருந்தார்கள். கொக்குவிலில் ஒரு தையற்கடையில் செய்தது என்பார்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெட்ரோல் போகாது. கள்ளமாகக் கிடைத்தால் பொன் விலை. மண்ணெண்ணெய் கொஞ்சம் கிடைக்கும். அதனால் மோட்டார் சைக்கிள்களும் பழைய மொரிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. ஆகவே சின்ன பிளாஸ்டிக் போத்தலில் சில துளி பெட்ரோலை வைத்துக்கொண்டு, அதைக் கார்புரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை கிளம்பும். பிளக்கில் கரி பிடிக்கும்; அடிக்கடி கழற்றிச் சுரண்ட வேண்டும். பின்னால் இருப்பவரின் உடுப்பு முழுக்க அந்த மணம். “உங்கட அம்மாவை நான் கல்யாணம் கட்டின புதுசில, சென்ற் மாதிரி எங்கள் ரெண்டு பேரிலயும் மண்ணெண்ணெய்தான் மணக்கும்” என்று அப்பா சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு 1995 ஒக்டோபர் 30இல் நின்றுவிடும். அன்று வலிகாமம் முழுவதும் எழும்பியது. இராணுவம் முன்னேறி வர, லட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித்தான் எல்லோரும் போக வேண்டும். கண்டி வீதியில் காலடி வைக்க இடமில்லை. மழையும் பெய்தது.

அப்பாவின் எம்.டி. 90இல் அம்மம்மா பின்சீட்டில், பக்கவாட்டில். மடியில் காணி உறுதியும் ஒரு புகைப்பட ஆல்பமும் வைத்த பை. அப்பா ஓட்டவில்லை. அந்தக் கூட்டத்தில் ஓட்டவும் முடியாது, இருந்த மண்ணெண்ணெயை வீணாக்கவும் முடியாது. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்தார். அம்மா பின்னால் கரியரைப் பிடித்தபடி நடந்தார். அம்மம்மாவின் ஒரு கை அப்பாவின் தோளில். தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு தரம் தட்டுவாராம். கொக்குவிலிலிருந்து சாவகச்சேரிக்கு விடிய விடிய நடந்து, அடுத்த நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சின் ஒரு தடவைகூட ஓடவில்லை. ஆனால் அந்தப் பைக் செய்த மிகப் பெரிய பயணம் அதுதான்.

பிறகு வன்னி, கொழும்பு, லண்டன். பைக் சாவகச்சேரியில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்றுவிட்டது. அம்மம்மா வன்னியிலேயே காலமானார். அதற்குப் பிறகு அம்மா எந்த மோட்டார் சைக்கிளிலும் ஏறவில்லை. இதை நான் இந்த வருடம்தான் அறிந்தேன். “கோயிலுக்குப் பின்னால இருந்து வரலாமோ” என்று அவர் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பதும் அப்போதுதான் விளங்கியது.

சவுத்தால், 1976

அந்த அத்தியாயத்தை யாழ்ப்பாணத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஹெல்மெட் வாங்கப் போனபோது சவுத்தாலின் கதை குறுக்கே வந்தது.

பிரிட்டனில் 1973 ஜூன் 1 முதல் மோட்டார் சைக்கிளில் போகிற எல்லோரும், ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும், ஹெல்மெட் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு அது முடியாது. தலைப்பாகையைக் கழற்றாமல் ஹெல்மெட் போட வழியில்லை. கழற்றுவதை அவர்கள் நம்பிக்கை ஏற்காது. மான்செஸ்டரில் கியானி சுந்தர் சிங் சாகர் என்பவர் தலைப்பாகையோடே ஓட்டி, திரும்பத் திரும்ப அபராதம் விதிக்கப்பட்டு, சிறைக்கும் போனார். சவுத்தாலின் தொழிற்கட்சி எம்.பி. சிட்னி பிட்வெல் அதைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டு போனார். அவர் சீக்கியர் அல்ல. ஆனால் ரப்பர் தொழிற்சாலைகளிலும் விமான நிலையத்திலும் வேலை செய்த பஞ்சாபிகளின் தொகுதி அவருடையது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டனுக்காகத் தலைப்பாகையோடு போரிட்டவர்களை, மோட்டார் சைக்கிளில் மட்டும் ஏன் அதைக் கழற்றச் சொல்கிறீர்கள் என்பது அவர்கள் பக்கத்து வாதம். உயிர்ப் பாதுகாப்பு எல்லோருக்கும் ஒன்றுதான், விபத்துக்குச் செலவு பொதுமக்களுடையது என்பது மறுபக்கம். இரண்டு வாதத்திலும் நியாயம் உண்டு.

1976இல் விலக்குச் சட்டம் நிறைவேறியது. தலைப்பாகை கட்டிய சீக்கியர் ஹெல்மெட் இல்லாமல் போகலாம், பின்சீட்டிலும் அப்படியே. இன்றைக்கும் அதுதான் சட்டம்.

அதே 1976 ஜூன் 4 அன்று சவுத்தால் தெருவில் 18 வயதான குர்தீப் சிங் சக்கர் இனவெறிக் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கோபத்தில்தான் சவுத்தால் இளைஞர் இயக்கம் உருவானது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தெருவில் உயிரோடு நடக்கவே போராட வேண்டியிருந்த ஒரு வருடத்தில், அந்த மக்கள் ஒரு மோட்டார் சைக்கிள் சட்டத்துக்காகவும் போராடினார்கள். அது சின்ன விஷயம் என்று அவர்கள் நினைக்கவில்லை. நாங்கள் தமிழர்கள் இங்கே வந்து கோயில் கட்டியதும் கடை போட்டதும் தெருவில் தேர் இழுத்ததும், அவர்கள் முன்பே தட்டித் திறந்து வைத்த கதவு வழியாகத்தான்.

எனக்கும் அம்மாவுக்கும் விலக்கு இல்லை. அம்மாவின் கொண்டை ஹெல்மெட்டுக்குள் அடங்கவில்லை. கடையில் நின்று மூன்று அளவு போட்டுப் பார்த்தோம். கடைசியில் அம்மா, “சீக்கியருக்குத் தலைப்பாகைக்குச் சட்டம் இருக்கு, எங்கட கொண்டைக்கு ஒருத்தரும் போராடேல்லையே” என்று சொல்லிக்கொண்டே கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டார்.

பின்சீட்டில் இருந்து பார்த்தது

இப்போது அப்பாவின் வசனத்துக்கு வருவோம். உங்களில் யாராவது பழைய பைக் வாங்கப் போகிறீர்களென்றால் இந்தப் பகுதி உதவும்.

முதலில் லைசென்ஸ். ஒரு நாள் சி.பி.டி. பயிற்சி எடுத்தால் எல் போர்டோடு 125 சிசி வரை ஓட்டலாம். அது 2 வருடம் செல்லும். ஆனால் பின்னால் ஒருவரையும் ஏற்ற முடியாது. ஏற்றிச் செல்ல முழு லைசென்ஸ் வேண்டும். எனக்கு வயது 23. 19 வயதிலிருந்து எடுக்கக்கூடிய ஏ2 எடுத்தேன். அதில் 35 கிலோவாட் சக்தி வரை உள்ள பைக் ஓட்டலாம். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதும் பின்சீட் பயணியைச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். மலிவான சில பாலிசிகளில் இருக்காது.

நான் மூன்று பைக் பார்த்தேன். என் பட்ஜெட் 2,500 பவுண்டு.

முதலாவது, ஒரு ஸ்போர்ட்ஸ் மாடல். முன்னால் ஏறி இருந்தால் ராஜகுமாரி மாதிரி இருக்கும். இரண்டு வருடமாக ஓட்டுகிற என் சிநேகிதி முன்னால் ஏற, நான் பின்னால் ஏறினேன். சீட் ஒரு புத்தகத்தின் அகலம்தான். கால் மிதி உயரத்தில் இருந்ததால் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. பிடிக்க ஒன்றுமில்லை. அம்மாவை நினைத்துப் பார்த்தேன், இறங்கிவிட்டேன். மேலும், “ஒரே ஓனர்” என்று விற்றவர் சொன்னார். லாக் புக்கில் அவருக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

இரண்டாவது, 1980களின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் செய்த புல்லட் 350. பார்த்த உடனேயே மனம் அதற்குப் போய்விட்டது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் யூலெஸ் வலயம், சவுத்தாலும் அதற்குள். யூரோ 3 தரத்தை எட்டாத, பெரும்பாலும் 2007 ஜூலைக்கு முன் பதிவான பைக்குக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. ஆனால் 40 வருடம் தாண்டி ‘ஹிஸ்டாரிக்’ என்று பதிந்த பைக்குக்கு அந்தக் கட்டணமும் இல்லை, சாலை வரியும் இல்லை, வருடாந்த எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை. கேட்க நல்லாக இருக்கிறதல்லவா? யோசித்துப் பாருங்கள். சோதனை கட்டாயமில்லை என்றால், அந்த பைக் எப்படி இருக்கிறது என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை. பிரேக் இரண்டும் பழைய டிரம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நான் பயின்றதற்கு நேர் எதிர். ஜனவரி மாதம் விடிகாலை 3.15க்கு உதைத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். பின்னால் அம்மா. மனமில்லாமல் விட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாவது, 2010இல் பதிவான புல்லட் எலெக்ட்ரா 500. இதுவும் சென்னையில் செய்தது. ஆனால் பெட்ரோல் இன்ஜெக்ஷன், செல்ஃப் ஸ்டார்ட், முன்னால் டிஸ்க் பிரேக், கியர் இடது காலில். யூலெஸ் கட்டணம் இல்லை. சக்தி குறைவு, மோட்டார்வேயில் திணறும். ஆனால் என் வேலைக்கும் கோயிலுக்கும் மோட்டார்வே தேவையில்லை.

பார்க்கப் போகும் முன் பதிவு எண்ணை அரசின் இணையதளத்தில் போட்டு எம்.ஓ.டி. சரித்திரத்தைப் பார்த்தேன். அது இலவசம். எந்த வருடம் எதற்காகத் தவறியது, எத்தனை மைல் ஓடியது, எல்லாம் இருக்கும். மைல் கணக்கு பின்னுக்குப் போயிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். போன உடனே எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாததை மறைக்க விற்பவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். இது குளிர்ந்திருந்தது. சட்டத்தில் வெட்டியிருந்த எண்ணை லாக் புக்கோடு ஒப்பிட்டேன். டயரின் பக்கத்தில் உள்ள கடைசி நான்கு இலக்கம், அது செய்யப்பட்ட வாரமும் வருடமும். பின்டயர் பத்து வருடப் பழசு. அதைச் சொல்லி விலையைக் குறைத்தேன். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, ஹாண்டிலில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இல்லை.

பிறகு பின்சீட்டில் ஏறினேன். நீளமாக, அகலமாக, தட்டையாக ஒரே சீட். பிடிக்கக் கம்பி. கால் மிதி சரியான உயரத்தில். சிநேகிதி ஒரு சுற்று ஓட்டினாள். பள்ளத்தில் இறங்கியபோது முதுகு இடிக்கவில்லை. பின் ஷாக் அப்சார்பரை ஆளின் எடைக்கு ஏற்ப இறுக்கலாம்; இரண்டு பேர் போகும்போது பின்டயருக்குக் காற்றும் கொஞ்சம் கூட வேண்டும். இந்த சீட்டை இந்த அகலத்தில் வரைந்தவர்கள், பின்னால் இருக்கப்போவது ஒரு அம்மா என்று தெரிந்துதான் வரைந்திருக்க வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை

ஒரு மாதம் நான் தனியாக வேலைக்கு ஓட்டிப் பழகினேன். பிறகு ஒரு வெள்ளி மாலை அம்மா வந்தார். அண்ணாவின் தடித்த ஜாக்கெட், சுடிதார், பூட்ஸ், பின்னலுக்கு மேல் ஹெல்மெட். அர்ச்சனைத் தட்டுக்குரிய சாமான்கள் முதுகுப் பையில். இடது பக்கம் வந்து, யோசிக்காமல் பக்கவாட்டில் ஏறி இருந்தார். முப்பது வருடம் ஆகியும் உடம்பு மறக்கவில்லை.

“அம்மா, இங்கே அப்பிடி இருக்கக்கூடாது. சட்டம்.”

“ஓ” என்று இறங்கி, என் தோளைப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார்.

அப்பா வாசலில் நின்றார். பின்டயரைக் காலால் அமத்திப் பார்த்தார். பிறகு பின் கம்பியைப் பிடித்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அக்ஸ்பிரிட்ஜ் ரோட்டில் மெதுவாகப் போனோம். ஈலிங் ஆஸ்பத்திரி, ஹான்வெல், பிறகு வெஸ்ட் ஈலிங், அம்மன் கோயில். முதல் சிக்னலில் அம்மாவின் பிடி இறுக்கமாக இருந்தது. ஹான்வெல்லில் கொஞ்சம் தளர்ந்தது. கோயிலுக்குக் கிட்ட வந்தபோது தோளில் இரண்டு தரம் தட்டினார். ஓரமாக நிறுத்தினேன்.

“என்ன அம்மா, தண்ணியோ?”

“இல்லை. பூ வாங்கோணும்.”

இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவோ அப்பாவோ அம்மம்மாவோ யாருடைய பின்சீட்டில், எந்த ரோட்டில் இருந்து வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மொடல் பெயரையும் கேளுங்கள். பைக்கின் பெயரைச் சொல்லத் தொடங்கினால், மிச்சக் கதையும் தானாக வரும்.